மூக்குப் பஞ்சாயத்து

என் வயலில் நிற்கும் மணமானியை, நட்ட அன்றைக்கே பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. பொறுத்துக்கொண்டேன். பொறுத்ததற்குக் கிடைத்த பலன், மணலிக்குடியில் முதன்முதலாக மடை அடைபடப் போவது இந்தப் பக்கிரிசாமியின் வயலுக்கு என்று ஆனது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆற்றில் வருகிற தண்ணீர் எல்லோருக்கும் காணாது என்று ஆன பிறகு, நீர்ப் பங்கீட்டு வாரியம் என்று ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் தலையில் வைத்தார்கள். கடைமடைப் பக்கம் இனிமேல் சீரகச் சம்பாவுக்கு மட்டும்தான் தண்ணீர், வேறு நெல்லுக்குக் கிடையாது என்றார்கள். பெயருக்குச் சம்பா என்றாலும் ஆகாது, வாசம் இருக்க வேண்டும். வாசத்தைப் பார்ப்பதற்குத்தான் மணமானி. மார்பளவு ஒரு கம்பம், உச்சியில் சல்லடை போல ஓட்டை போட்ட குடுவை. சம்பா பூக்கிற காலத்தில் வயலே மணக்கும். குடுவை அதை முகர்ந்து, தேறினால் பச்சை விளக்குக் காட்டும், தேறாவிட்டால் சிவப்பு. ஒரு வருஷம் சிவப்பு என்றால் எச்சரிக்கை. மறு வருஷமும் சிவப்பு என்றால் அறுவடை முடிந்ததும் வந்து மடைக் கதவை மூடி வெல்டு வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த வயல் மாடு கட்டத்தான் ஆகும். ஊரில் அந்தக் கம்பத்தை யாரும் மணமானி என்று சொல்வதில்லை. மூக்கு என்போம்.

வயல் தேறினாலும் விடமாட்டார்கள். நெல்லைக் கொள்முதல் செய்கிற கிட்டங்கியில் பெரிய மூக்கு ஒன்று இருக்கிறது. மூட்டை மூட்டையாக மறுபடி முகர்ந்து, நல்லதைக் கப்பலுக்கு எடுத்துக்கொண்டு, தேறாததை வண்டியில் திருப்பி ஏற்றிவிடுவார்கள். அதைத்தான் வீட்டில் பொங்குவோம். ரேஷன் அரிசியை எங்கள் ஊரில் கோழிக்குப் போடுவோம். சம்பா போடுகிறவன் வீட்டு உலையில் ரேஷன் அரிசி ஏறினால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. ஊரிலேயே ரேஷன் அரிசி தின்கிற வெள்ளாமைக்காரன் ஒரே ஒருத்தன், என் பெண்டாட்டியின் தம்பி உத்திராபதி. அவனுக்கு ஒரு மூட்டைகூடத் திரும்பி வராது. விளைந்ததை எல்லாம் அனுப்பிவிட்டு ரேஷன் கடையில் பையோடு நிற்பான். கஞ்சப்பயல் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். சிரித்துக்கொள்வான்.

அவன் வயலும் என் வயலும் ஒரே வரப்பு. பேச்சுவார்த்தை கிடையாது. என் பேத்தி காதுகுத்தில் இலையில் சோறு விழுந்ததும், "அத்தான், இது சம்பாவா? வெறுஞ்சோறு மாதிரில்ல இருக்கு" என்றான். அத்தனை சனத்துக்கு நடுவில். இலையோடு எழுப்பி அனுப்பினேன். அன்றோடு சரி.

இந்த வருஷம் பயிர் நட்டுப் பச்சை பிடிக்கிற நேரத்தில் திட்டுத் திட்டாகத் துருப்பிடித்தது. இலையில் பழுப்புப் பொட்டு விழுந்து, குருத்து வெளுத்து, வளராமல் நின்றது. உத்திராபதி பக்கம் பார்த்தால் கருகருவென்று நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சமயம் பார்த்து வாரியத்திலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்தது. நாகப்பட்டினத்துப் பெண். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கி, ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்த்தது.

"ஐயா, பயிருக்கு ஜிங்க் சத்து பத்தல."

"போட்டாச்சு."

"எப்படிப் போட்டீங்க?"

"எப்படிப் போடுவாங்க? டிஏபி உரத்தோட கலந்து கூடையில அள்ளி வீசினேன்."

"அங்கதாங்கய்யா கெட்டுது. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா ஒண்ணையொண்ணு கட்டிப் புடிச்சிக்கிடும். வேருக்கு ஒண்ணும் போவாது. தனித்தனியாத்தான் வீசணும்."

"தனித்தனியா வீச ஆளு ஒங்க ஆபீஸ்லேர்ந்து வருதா?"

அது கோபப்படவில்லை. கோபப்படாத ஆட்களை நான் நம்புவதில்லை.

"இப்ப வீச வேணாம். முதல்ல தண்ணிய வடிய விடுங்க. எந்நேரமும் முங்கிக் கெடந்தா மண்ணுல இருக்கிற ஜிங்க்கும் வேருக்கு எட்டாது. லேசா வெடிப்பு விடுற வரைக்கும் காயப் போட்டு, அப்புறம் ஜிங்க்க மட்டும் கரைச்சுத் தெளிங்க. ஜிங்க் இல்லன்னா மகசூல் மட்டுமில்லைய்யா, அரிசியில வாசமே ஏறாது."

"மடைய அடைக்கிறேன்னு சொல்ற ஆபீஸ்லேர்ந்து வந்து, இருக்கிற தண்ணியையும் வடிச்சு விடச் சொல்ற. நல்லா இருக்கும்மா ஒங்க கணக்கு."

அது என் காலைப் பார்த்தது. குதிகாலில் துணி சுற்றியிருந்தேன்.

"என்னய்யா புண்ணு?"

"அருவா பட்டுது. போன அறுப்புல."

"இன்னுமா ஆறல?"

"சக்கரை கிக்கரை ஒண்ணும் கெடையாது, பாத்தாச்சு. நீ பயிர பாக்க வந்தியா, கால பாக்க வந்தியா?"

வீட்டு வாசலில் என் பெண்டாட்டி அஞ்சம்மாள் அதற்கு மோர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டது. "அம்மா, உப்பு கொஞ்சம்..." என்று இழுத்தது. பட்டணத்து நாக்கு. எனக்கு அந்த மோரில் உப்பே தெரியவில்லை. அஞ்சம்மாள் சமையலில் கொஞ்ச வருஷமாகவே எதுவும் தெரிவதில்லை, அதற்காக நான் போடாத சண்டை இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பேத்தியை அந்தப் பெண் பார்த்து, "ரெண்டாவது படிக்கிறியா?" என்றது. பேத்தி ஆறாவது. பள்ளிக்கூடத்தில்கூடத் தண்ணீர்க் குழாயைக் கீழே இறக்கி வைத்தார்கள், பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்று. காண்ட்ராக்ட்காரன் உயரத்தில் வைத்துவிட்டான் என்று நாங்கள் அவனைத்தான் திட்டினோம்.

அது போன பிறகு நான் தண்ணீரை வடிக்கவில்லை. இன்னும் நிறையக் கட்டினேன். டிஏபியும் இன்னொரு தரம் போட்டேன்.

பயிர் பூத்தது. விடிந்ததும் வரப்பில் நின்று மூச்சை இழுத்தேன். மணத்தது. யார் தலையில் வேண்டுமானாலும் கை வைத்துச் சொல்வேன், எனக்கு மணத்தது. கம்பத்தில் போன வருஷம் போலவே சிவப்பு எரிந்தது. பக்கத்துக் கம்பத்தில் பச்சை. உத்திராபதி எவன் கையையோ நனைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். என் மடை அடைபட்டால் அந்தத் தண்ணீர் நேராக அவன் வயலுக்குத்தான் போகும். வேறு என்ன காரணம் வேண்டும்?

வாரியத்தின் சட்டத்தில் எங்களுக்கென்று ஒரே ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். மூக்கை நம்பாதவன் மனுஷ மூக்கைக் கேட்கலாம். ஊர்ச் சோறு தின்கிற ஐந்து பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும். அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

அறுவடை முடிந்து, பள்ளிக்கூடச் சமையல்கட்டில் கூடினோம். ஐந்து பேரில் முறையிட்டவன் என்று நான் ஒருத்தன். டீக்கடைக் கலியமூர்த்தி, நடவுக்கு ஆள் கூட்டுகிற செல்லம்மாள், கோயில் மெய்க்காவல் தம்புசாமி. ஐந்தாவதாக உத்திராபதி. நான் ஆகாது என்றேன். ஊர் கேட்கவில்லை. வாசம் பார்ப்பதில் அவன்தான் ஊரில் பெரிய ஆள். களத்தில் வியாபாரி வந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு பிடி நெல்லைக் கைக்குள் மூடி, அதில் சூடாக ஊதி, முகர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்வான். அதற்கு மேல் பேரம் கிடையாது. அவன் அதில் காட்டுகிற மிடுக்கு எனக்கு ஆகவே ஆகாது.

ஜெசிந்தா சட்டத்தைச் சொன்னது. "மூணு சட்டியில சோறு இருக்கு. ஒண்ணு பக்கிரிசாமி ஐயாவோட அரிசி. ஒண்ணு உத்திராபதி ஐயாவோடது. ஒண்ணு ரேஷன் அரிசி. எது ரேஷன்னு சொல்லணும். அஞ்சு பேர்ல ஒருத்தர் சரியாச் சொல்லிட்டாலும் பஞ்சாயத்து செல்லும். அவரு பக்கிரிசாமி ஐயா அரிசியில வாசம் இருக்குன்னா மடை தப்பிச்சுது. இல்லன்னா இன்னிக்கே அடைச்சுருவோம்."

"ஒருத்தரும் சொல்லலன்னா?" என்றான் உத்திராபதி.

"பஞ்சாயத்தே செல்லாது. அடுத்த வெள்ளாமை முடியிற வரைக்கும் மடையத் தொடக் கூடாது. ஆனா அதுக்குள்ள ஊர்ல ஒருத்தருக்கு மூக்கு நல்லா இருக்குன்னு தெரிஞ்சாலும் மறுபடி கூட்டிருவாங்க."

"எங்க ஊர்ல மூக்கத்தவன் எவனும் இல்ல, நீ சட்டிய வை" என்றேன் நான்.

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றோம். உள்ளே சமையல்காரி பவுனாம்பாள் டீக்குப் பால் வைத்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற உத்திராபதி ஜன்னலில் தலையை நீட்டி, "பவுனு, பால் அடிப்புடிக்குது பாரு, எறக்கு" என்றான். தாழ்ந்த குரல்தான். அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. அவள் "ஒண்ணும் ஆவல போங்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இறக்கினாள். பெரிய மூக்கன் என்று காட்டிக்கொள்கிறான் என நினைத்தேன்.

முதலில் நான். துண்டால் கண்ணைக் கட்டி, தோளைப் பிடித்து, ஓட்டை போட்ட மூடியால் மூடியிருந்த ஒவ்வொரு சட்டிக்கும் நடத்தினார்கள். முதல் சட்டி ஏதோ மணத்தது. நடுச் சட்டி ஒன்றுமில்லை. கடைசிச் சட்டியில் குனிந்ததும் முகத்தில் அடித்தது பாருங்கள், அது என் சம்பா. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா?

"கடைசியில இருக்கிறது என்னோடது. நடுவுலது ரேஷன். எழுதிக்க" என்றேன்.

கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக நின்று மற்றவர்களைப் பார்த்தேன். கலியமூர்த்தி முதல் சட்டியை ரேஷன் என்றான். செல்லம்மாள் மூன்றையும் இரண்டு சுற்று முகர்ந்துவிட்டு, "மூணுமே மணக்குதே தங்கச்சி. ஒண்ணு சொல்லியே ஆவணும்னா நடுவுலதுன்னு வெச்சிக்க" என்றாள். தம்புசாமியும் முதல் சட்டி என்றான். கடைசிச் சட்டியை எல்லோருமே சம்பா என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசியாக உத்திராபதி. முதல் சட்டியில் குனிந்தவன் உடனே நிமிர்ந்துவிட்டான். நடுச் சட்டியில் ரொம்ப நேரம் நின்றான். கடைசிச் சட்டிக்கு அவன் சரியாகக் குனியக்கூட இல்லை. கண் கட்டியிருந்தாலும் முகத்தை நான் இருந்த பக்கம் திருப்பினான்.

"கடைசியில இருக்கிறது அத்தானோடது. நல்ல மணம். நடுவுலதுதான் ரேஷன்."

"நிச்சயமாவாய்யா?" என்றது ஜெசிந்தா.

"அதான் சொல்லிட்டேனே."

 ஜெசிந்தா ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டியது. முதல் சட்டியில் பொடிச் சம்பாச் சோறு, என்னுடையது. நடுவில் பொடிச் சம்பாச் சோறு, உத்திராபதியுடையது. கடைசிச் சட்டியில் கொட்டை கொட்டையாக ரேஷன் சோறு.

 கலியமூர்த்திதான் முதலில் ஆரம்பித்தான். "சட்டிய மாத்திட்டீங்க."

"பவுனாம்மாவக் கேளுங்க. கடைசிச் சட்டி இப்பதான் அடுப்புலேர்ந்து எறக்கினது. ஆவி மூஞ்சில பட்டுது. சூட்ட வாசம்னு நெனச்சுக்கிட்டீங்க எல்லாரும்."

"எங்களுக்கு மூக்கு இல்லங்கிறியா?" என்றாள் செல்லம்மாள்.

"இருந்துது. போயிருச்சு. கோச்சுக்காம கேளுங்க. ஜிங்க் இல்லாத மண்ணுல வெளைஞ்ச அரிசிக்கு வாசம் வராது, அது கிட்டங்கியில தேறாது. தேறாதது ஒங்க வீட்டுக்கு வருது. வருஷக்கணக்கா அதையே சாப்பிட்டா ஒங்க ஒடம்புலயும் ஜிங்க் இருக்காது. ஜிங்க் கொறைஞ்சா மனுசனுக்கு மூக்கு போவும், நாக்கு போவும். புண்ணு ஆறாது. பிள்ளைங்க வளராது. மூக்கு போனது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஊரு, எல்லாருக்கும் ஒண்ணாப் போச்சு. அடுப்புல சம்பா இருக்குன்னு தெரியுது, அதனால மணக்குது."

"ரேஷன் அரிசி மட்டும் யோக்கியமா?" என்றான் தம்புசாமி.

"அதுல கவர்மெண்டு ஜிங்க் சேர்த்துத்தான் அனுப்புது. நீங்க கோழிக்குப் போடுறீங்க. ஒங்க ஊரு கோழியெல்லாம் நல்லா இருக்கு."

அதன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது எனக்கு. இத்தனை வருஷமாக நல்லதைப் பொறுக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, கழித்ததை எங்களிடம் தள்ளிய வாரியம் இது. கம்பத்துக்குக் கம்பம் வாசத்தை அளந்தவர்கள், எங்கள் வீட்டுச் சோற்றை ஒரு நாளாவது அளந்தார்களா? கேட்டேன். "அளக்கல. அளக்கச் சொல்லல" என்றது. அதில் மட்டும் அது பொய் சொல்லவில்லை.

பஞ்சாயத்து செல்லாது என்று அறிவித்தார்கள். மடையை அடைக்க வந்த ஆள் வந்த வழியே திரும்பினான். அதற்குள் வெளியே சிரிப்பு கிளம்பிவிட்டது. எங்கள் நான்கு பேரையும் விட்டுவிட்டு உத்திராபதியைப் பிடித்துக்கொண்டார்கள். களத்து ராஜா, சொந்தச் சம்பாவையே ரேஷன் என்று சொன்னானே, அந்தச் சிரிப்பு.

பவுனாம்பாள் டீ கொடுத்தாள். ஜெசிந்தா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தது. நான் குடித்தேன். கலியமூர்த்தி குடித்தான். உத்திராபதி டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனவன் ஒரு கணம் நின்றான். பிறகு மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தான். என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.

அப்போதுதான் அந்தப் பால் ஞாபகம் வந்தது. எட்டிப் பார்த்தேன். பவுனாம்பாள் தேய்க்கப் போட்டிருந்த பாத்திரத்தின் அடி கரியாக இருந்தது.

வாய்க்கால் கரையில் உத்திராபதியை மறித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"ஒனக்கு மூக்கு இருக்கு."

"யாரு சொன்னா? வாரியமே இல்லன்னுருச்சு."

"நான் ஒங்கிட்ட கேட்டனா? எனக்காக ஒரு மயிரும் நீ செய்ய வேணாம்."

"ஒங்க மூஞ்சிக்கு யாரு செய்வா?" என்றான். "அந்தச் சோத்தத்தான் எங்க அக்காவும் திங்கிது. ஒங்க நெல்லு மணக்குதுன்னு பொய் சொல்லியிருந்தா இன்னும் அதையேதான் திம்பீங்க. காதுகுத்துல நல்ல மாதிரியாத்தான் சொன்னேன். எல எடுத்துட்டுப் போடான்னீங்க. இப்பவாச்சும் அந்தப் பொண்ணு சொன்னாப்புல வயல வடிய வைங்க."

"நீ சொல்லி நான் கேக்கணுமா."

"கேக்காதீங்க. அப்படியே சாவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் வடித்தேன். அவன் சொன்னான் என்பதற்காக இல்லை. மண் வெடிப்பு விடுகிற வரை காயப் போட்டு, ஜிங்க்கைத் தனியாகக் கரைத்துத் தெளித்தேன். டிஏபி மூட்டையைத் தொடவில்லை. வீட்டில் ரேஷன் அரிசி உலை ஏறியது, கதவைச் சாத்திக்கொண்டு. வாரியம் ஊருக்கு மாத்திரை அனுப்பியது. பாதிப் பேர் அதையும் கோழிக்குப் போட்டார்கள். வாரியம் தருவதைத் தின்னக் கூடாது என்றான் கலியமூர்த்தி. அவனைக் குறை சொல்ல முடியாது. நான் பேத்தியைத் தின்னவைத்து, நானும் தின்றேன். குதிகால் புண் ஆறியது. ஒரு நாள் மோரை வாயில் வைத்தவன் வாசலில் போய்த் துப்பினேன். கடல் தண்ணீர். அஞ்சம்மாள் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். எத்தனை வருஷமாக அள்ளிக் கொட்டினாளோ. 

களத்தில் இப்போது உத்திராபதியை யாரும் கூப்பிடுவதில்லை. வியாபாரி வந்தால் தம்புசாமி நெல்லை ஊதி முகர்கிறான். அவன் மூக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. உத்திராபதிக்கோ வேறு எவனுக்கோ மூக்கு உண்டு என்று வெளியே தெரிந்தால் பஞ்சாயத்தை மறுபடி கூட்டுவார்கள். பயிர் இன்னும் பூக்கவில்லை. மடை திறந்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலையில் டீக்கடையில் நல்ல கூட்டம். உத்திராபதி ஓரமாக உட்கார்ந்திருந்தான். கலியமூர்த்தி டம்ளரை நீட்டிக்கொண்டே, "பாத்துக் குடிப்பா உத்திராபதி, டீயான்னு மோந்து பாத்துக்க, காப்பின்னு சொல்லிடப் போற" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. வாய்க்குக் கொண்டுபோனேன். பால் அடிப்பிடித்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. நிமிர்ந்தால், உத்திராபதி தன் டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பக்கிரி, டீ எப்படி?" என்றான் கலியமூர்த்தி.

"நல்லாருக்கு" என்று சொல்லிக் குடித்து முடித்தேன். அவனும் குடித்து முடித்தான்.